கீழே, பிடி, மேலே

எங்கள் கல்யாண வாழ்க்கையில் பேச்சு வருஷத்துக்கு வருஷம் குறைந்து, கடைசியில் மூன்று வார்த்தைகளில் வந்து நின்றது. கீழே. பிடி. மேலே.

காரின் பிரேக்கில் காற்று எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில் படுத்துச் சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் தளர்த்த வேண்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். என் கணவன் டெஸ்மண்ட் அடியிலிருந்து "கீழே" என்றால் நான் மிதிப்பேன். எண்ணெயும் காற்றுக் குமிழும் ரப்பர் குழாய் வழியாக ஒரு ஜாம் பாட்டிலுக்குள் வந்து விழும். "பிடி" என்றால் மிதித்த இடத்திலேயே காலை வைத்திருப்பேன், அவன் திருகை மூடுவான். "மேலே" என்றால் காலை எடுப்பேன். சொல்வதற்கு முன்னால் எடுத்துவிட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அப்படி ஒரே ஒரு தடவை, 1971-இல் எடுத்துவிட்டேன். அதை அவன் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான்.

கார் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பிப்பிட் என்று பெயர். எங்கள் நார்ஃபோக் மாவட்டத்திலேயே, ஒரு பழைய கோழிப் பண்ணைக் கொட்டகையில், 1965-இல் செய்தார்கள். கண்ணாடி இழையில் உடம்பு, நடுவில் ஒரு இரும்புச் சட்டம், நான்கு சக்கரம், இரண்டு பேர் உட்கார இடம். மொத்த எடை அறுநூறு கிலோவுக்கும் குறைவு. அந்த உடம்பில் மின்சாரம் ஓடாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வர ஒரு தனிக் கம்பி உண்டு. அதில் ஒன்று துருப்பிடித்தால் போதும், பிரேக்கை மிதித்தால் திசைகாட்டும் விளக்கு கண்ணடிக்கும். ஒருமுறை அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு ஈஸ்டர் விடுமுறை போயிற்று. டெஸ் கம்பி கம்பியாகச் சுரண்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தான். நான் விளக்கு எரிகிறதா இல்லையா என்று பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

அவன் சேர்ந்திருந்த பழைய கார் கிளப்பில் எல்லோருக்கும் ஒரே பித்துதான்: எடையைக் குறைப்பது. ஞாயிற்றுக்கிழமை பழைய விமானத்தளத்தில் கூடினால் எவ்வளவு வேகம் போனாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எத்தனை அவுன்ஸ் எடுத்தாய் என்றுதான் கேட்பார்கள். எல்லோர் வீட்டிலும் சமையலறைத் தராசில் எண்ணெய்க்கறை இருக்கும். டெஸ் முதலில் சாம்பல் கிண்ணத்தை எடுத்தான். பிறகு மாற்றுச் சக்கரம். பிறகு கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் இயந்திரம், கண்ணாடிக்குப் பதிலாகத் திறக்க முடியாத பிளாஸ்டிக். கதவின் உள்கைப்பிடியை எடுத்துவிட்டு ஒரு நைலான் கயிறு கட்டினான். அதில் பதினொரு அவுன்ஸ் மிச்சம். காரின் தரையில் ஜாம் பாட்டில் மூடி அளவுக்கு வரிசையாக ஓட்டை போட்டான். குளிர்காலத்தில் காற்று நேராகப் பாவாடைக்குள் வரும்.

ஒன்பது வருஷத்துக்கு முன் இடது பக்கத்து இருக்கையை எடுத்தான். அது என் இருக்கை. அதற்குப் பிறகு நான் அந்தக் காரில் எங்கும் போனதில்லை. மிதிப்பதற்கு மட்டும் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவேன், கராஜுக்குள்.

அந்த வியாழக்கிழமை காலை என் தராசின் மேல் ஹேண்ட் பிரேக் லிவரும் கியர் லிவரும் குறுக்கே கிடந்தன. இரண்டிலும் புது ஓட்டைகள்.

"இதை எடு டெஸ். மாவு அளக்கணும்."

"தொடாத, தொடாத! முள்ளைப் பாரு. ஆறு அவுன்ஸ் போச்சு."

"எங்க போச்சு?"

"போச்சு, அவ்வளவுதான். போறதுதானே வேணும்."

நான் கண்ணளவில் மாவைப் பிசைந்து கோழிக்கறியை உள்ளே வைத்துச் சுடுகிற பை ஒன்று செய்து வைத்தேன். மூன்று நாளைக்கு வரும். அதன் பிறகு அவன் பாடு. ஏனென்றால் பதினொரு மணிக்கு ஃபேக்கன்ஹாமிலிருந்து எனக்கு ஒரு டாக்ஸி வருகிறது. நார்விச்சில் ஒன்று பத்துக்கு ரயில். விட்பியில் என் தங்கை டாஃப்னிக்குக் கம்பளி நூல் கடை இருக்கிறது. மாடியில் ஒரு அறையும், ஜன்னலில் கடலும். பெட்டியைக் கட்டி ஹாலில் கோட்டுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். டெஸ்ஸிடம் இன்னும் சொல்லவில்லை.

சொல்லக் கூடாது என்றில்லை. இதற்கு முன் மூன்று தடவை சொல்லப் போனேன். முதல் தடவை, குளிர்காலம் முழுக்க நின்ற காரில் கிளட்ச் ஒட்டிக்கொண்டு அவன் அழாத குறையாக உட்கார்ந்திருந்தான். இரண்டாம் தடவை அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மூன்றாம் தடவை மறுநாள் காருக்கு வருஷச் சோதனை. "இப்ப பேசாத மாவிஸ், மனசு சரியில்ல," என்றான். அவன் மனசு சரியாக இருந்த நாளில் அவன் காரின் அடியில் இருந்தான்.

பத்து மணிக்குக் கராஜிலிருந்து சத்தம் வந்தது. "மாவிஸ்! காலு!"

அப்படித்தான் கூப்பிடுவான். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பயணத்துக்காகப் போட்ட நல்ல காலணியோடேயே போனேன். ஒரே ஒரு தடவை, கடைசியாக, மிதித்துக் கொடுத்துவிட்டு, அவன் எழுந்து கையைத் துடைக்கும்போது சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

கார், மூக்கை வாசல் பக்கம் நீட்டி நின்றது. கராஜ் கதவு திறந்திருந்தது. வெளியே பாதை தெருவரைக்கும் சரிவு. பின்சக்கரங்கள் இரண்டும் இரும்புச் சாய்வுகளின் மேல் ஏறி நின்றன. முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்திருந்தான். முன்பு அவை ஓக் மரத்தில் இருந்தன, எங்கள் வீட்டிலேயே கனமான, உருப்படியான இரண்டு சாமான்கள். போன மாதம் அவற்றை விறகுக் குவியலில் வீசிவிட்டு, அலுமினியத் தகட்டில் புதிதாகச் செய்தான். ஞாயிற்றுக்கிழமை காரில் எடுத்துப்போக இலேசாக இருக்குமாம். அதிலும் ஓட்டை.

வலது பக்கச் சுவருக்கும் காருக்கும் நடுவே உடம்பை நுழைத்து, கதவைப் பாதி திறந்து, இடுப்பை முதலில் விட்டு, தலையைக் குனிந்து உள்ளே விழுந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் அந்தக் காருக்குள் உட்காருவதை வேறு எப்படியும் சொல்ல முடியாது. கதவு தானே சாத்திக்கொண்டது.

"என்ன செருப்பு அது?" என்றான் டெஸ், தரையிலிருந்து. அவன் கண்ணில் பட்டது செருப்பு மட்டும்தான்.

"நல்ல செருப்பு."

"மிதி வழுக்கும். பாத்துக்க."

இடது பின்சக்கரத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும், பிரேக் மிதியிலிருந்து அதுதான் தூரம். அவன் பக்கவாட்டில் ஊர்ந்து அடியில் போனான்.

"கீழே."

மிதித்தேன்.

"பிடி... மேலே."

எடுத்தேன். நாலைந்து தடவை இப்படிப் போயிற்று.

"கெட்டியாச்சா?"

"இன்னும் மெத்துன்னுதான் இருக்கு."

"மெத்துன்னா எப்படி? பஞ்சு மாதிரியா, பன்னு மாதிரியா?"

"மிதி மாதிரி டெஸ். நீயே வந்து மிதிச்சுப் பாரேன்."

"கோவப்படாத. கீழே. பிடி..." அடியில் ஏதோ இரும்பு தரையில் விழுந்து உருளும் சத்தம். அவன் முணுமுணுத்தான். "சரி, மேலே."

காலை எடுத்தேன். முன்னால் ஒரு பிஸ்கட் டின்னை யாரோ மிதித்ததுபோல் சத்தம் கேட்டது. அலுமினிய முட்டுக்கட்டைகள் நசுங்கிவிட்டன. கார் நகர்ந்தது.

நான் யோசிக்கவில்லை. என் கால்தான் யோசித்தது. முழுப் பலத்தோடு மிதியை அமுக்கிவிட்டது. கார் நின்றது. காரின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது, சாய்வில் பாதி தூரம் இறங்கிவிட்டோம் என்று தெரிந்தது. அடியிலிருந்து வந்தது அலறல் அல்ல. நெஞ்சிலிருந்து காற்று மொத்தமாக வெளியே போகும் ஒரு சத்தம்.

"டெஸ்!"

பதில் இல்லை.

"டெஸ்மண்ட்!"

"பி..." என்றான். "பிடி."

பிடித்தேன். கதவைத் திறந்து யாரையாவது கூப்பிட வேண்டும் என்று கை தானாகக் கயிற்றை இழுத்தது. கயிறு கையோடு வந்துவிட்டது. பதினொரு அவுன்ஸ் மிச்சப்படுத்திய கயிறு என் உள்ளங்கையில் கிடந்தது. அந்தக் கோபத்தை எப்படிச் சொல்வது! அப்புறம்தான் உறைத்தது: கதவு திறந்தாலும் நான் எங்கும் போக முடியாது. காலை எடுத்தால் கார் முழுக்க இறங்கிவிடும், அவன் அடியில் இருக்கிறான். ஹேண்ட் பிரேக்கை இழுக்கலாம் என்றால் அதன் லிவர் சமையலறையில். கியரில் போடலாம் என்றால் அந்த லிவரும் சமையலறையில், என் தராசின் மேல். பேட்டரி சார்ஜில் கிடந்தது, ஹாரனும் அடிக்காது. எங்கள் வீடு தெருவில் கடைசி வீடு.

"எங்க மாட்டிட்டிருக்கு?"

"சைலன்சர். நெஞ்சு மேல." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினான். "நசுக்கல. அழுத்துது."

"மூச்சு விட முடியுதா?"

"சின்ன மூச்சு."

"அப்ப சின்னதாவே விடு."

கராஜ் சுவரில் கடிகாரம் பத்து இருபத்தைந்து காட்டியது. என் காலுக்கடியில் ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் புரிந்தது. முப்பத்தொரு வருஷம் மிதித்த காலுக்கும் ஒரு படிப்பு வந்துவிடும். மிதிக்க மிதிக்கக் கெட்டியானால் உள்ளே காற்று. பிடித்துக்கொண்டிருக்கும்போதே இறங்கினால் எங்கோ கசிவு. மிதி இறங்கிக்கொண்டிருந்தது, மெதுவாக, நகம் நகமாக.

"டெஸ், எறங்குது."

"எது?"

"மிதி. அப்படியே பிடிச்சிட்டிருக்கேன், ஆனா எறங்குது. நிப்பிளை முழுசா மூடினியா நீ?"

"விரலால திருகினேன். ஸ்பேனர் கைய விட்டுப் போச்சு. அடுத்த தடவை இறுக்கலாம்னு..."

முப்பத்தொரு வருஷம் எனக்குப் பாடம் எடுத்த மனுஷன்! 1971-ஐ இன்னும் சொல்லிக்காட்டுகிற மனுஷன்! கத்தியிருப்பேன், ஆனால் மிதி இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் காரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்தான். ஒரு நிப்பிள் வழியாக எண்ணெய் போனால் நாலு பிரேக்கும் போகும். விட்டு விட்டு மிதித்தால் கொஞ்சம் ஏறும். ஆனால் ஒவ்வொரு தடவை விடும்போதும் கார் ஒரு அங்குலம் அவன் மேல் இறங்கும்.

"ஸ்பேனர் எங்க விழுந்துச்சு?"

"தெரியல. தலைய திருப்ப முடியல."

"நிப்பிள் கைக்கு எட்டுதா?"

"எட்டுது. விரலுக்கு இனிமே அசையாது. எண்ணெய் வழுக்குது."

டெஸ் ஸ்பேனரைத் தவறவிடுவது புதிதல்ல. ஒவ்வொரு தடவையும் தவறவிட்டு, நான் இறங்கிப்போய்த் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததால், சில வருஷத்துக்கு முன் அதே அளவில் இன்னொன்றை வாங்கி இந்த ஸ்வெட்டர் பையிலேயே போட்டுவைத்திருந்தேன். அவன்மேல் அன்பினால் அல்ல, இறங்கி ஏற அலுப்பாக இருந்ததால். இடது கையால் பையைத் துழாவினேன். இருந்தது.

"டெஸ், என்கிட்ட ஒண்ணு இருக்கு. இடது கைய முன்னாடி நீட்டு. தரைல ஓட்டை இருக்குல்ல, அது வழியா தர்றேன்."

"எந்த ஓட்டை?"

"நீ போட்ட ஓட்டைதான்! வேற யாரு போடுவா?"

வலது காலை மிதியில் அமுக்கியபடியே இடது பக்கம் சாய்ந்தேன். என் இருக்கை இருந்திருந்தால் கை போயிருக்காது. வெறும் தரையில் வரிசையாக ஓட்டைகள், கீழே சிமெண்ட். இரண்டு இருக்கைக்கும் நடுவே இருக்கும் மேடு விலாவில் குத்தியது. மிதி இன்னும் இறங்கியது.

"இன்னும் முன்னாடி நீட்டு. அதில்ல, இந்தப் பக்கம். உன் விரல் தெரியுது."

கறுத்த நகங்கள். கல்யாண மோதிரம் இல்லாத விரல். பேட்டரியில் பட்டால் சுடும் என்று பல வருஷத்துக்கு முன் கழற்றினான். இந்த வேலை செய்கிற எல்லோரும் கழற்றுவதுதான், ஆனால் மற்றவர்கள் வேலை முடிந்ததும் போட்டுக்கொள்வார்கள். ஸ்பேனரை ஓட்டைக்குள் இறக்கி, அவன் விரல்கள் மூடும்வரை நான் விடவில்லை. பல மாதங்களில் எங்கள் விரல்கள் தொட்டுக்கொண்டது அன்றுதான்.

"கெடச்சுதா?"

"ம்."

"தவறவிடாத. இன்னொண்ணு கெடையாது."

அவன் கை பின்னால் போயிற்று. உலோகம் உரசியது. ஒரு முனகல். மிதி நின்றது, தரைக்கு மேல் ஒரு கட்டைவிரல் அகலத்தில்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"இனி ஒண்ணும் ஆகாது. நீ காலை மட்டும் எடுக்காம இருந்தா போதும்."

"எவ்வளவு நேரம்?"

"யாராவது வர்ற வரைக்கும்."

"யாரு வருவா?"

அவன் யோசித்தான். "ஞாயித்துக்கிழமை கிளப் பசங்க..."

"இன்னைக்கு வியாழன்."

அவன் மூச்சு மட்டும் ஓட்டை வழியாக வந்தது, சின்னச் சின்னதாக. பயந்திருந்தான். முப்பத்தொரு வருஷத்தில் நான் அவன் பயத்தைக் கேட்டதில்லை. இப்போது சொல்லாமல் முடியாது. சொன்னால்தான் அவனால் பொறுத்துக்கொள்ள முடியும்.

"பதினோரு மணிக்கு ஒருத்தர் வருவாரு," என்றேன்.

"யாரு? தபால்காரர் ஒம்போதுக்கே வந்துட்டுப் போயாச்சே."

"டாக்ஸி."

"யாருக்கு?"

"எனக்கு. டாஃப்னி வீட்டுக்குப் போறேன்."

"சொல்லவே இல்லையே. எப்ப திரும்புவே?"

"திரும்பல."

சொல்லிவிட்டேன். இப்படிச் சொல்வேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. எழுந்துபோக முடியாத இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நடுவில் ஒரு காரை வைத்துக்கொண்டு. பிறகு அவன் கேட்டான்.

"அப்ப பிரேக்கை யாரு மிதிப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. உயிர் என் காலில் தொங்கிக்கொண்டிருக்கும்போதும் அவனுக்குத் தோன்றியது அதுதான்.

"சமையலறை மேசைல நீலக் காகிதத்துல ஒரு பொட்டலம் இருக்கு. உனக்குத்தான். ஒரே ஆளா காத்து எடுக்கற கருவி."

"டயர் காத்துல ஓடுமே, அதுவா?"

"அதுதான்."

"அது ஒழுகும் மாவிஸ். கிளப்புல வால்டர் வாங்கி, எண்ணெய் கொட்டி, கார் பெயிண்டே போச்சு."

"அப்ப வால்டரைக் கூப்ட்டு மிதிக்கச் சொல்லு!"

என் தொடை நடுங்க ஆரம்பித்திருந்தது. முதலில் சின்னதாக, பிறகு முழங்கால் வரைக்கும். இடது காலையும் தூக்கி வலது காலின் மேல் வைத்து அழுத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், அவன் சாக வேண்டும் என்று ஒரு கணம்கூட நான் நினைக்கவில்லை. அவன் நன்றாக இருக்க வேண்டும், நான் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் இந்தக் கால் வழுக்கினால் ஊர் அதை வேறு மாதிரிதான் பேசும். ஹாலில் கட்டிவைத்த பெட்டியையும் பார்ப்பார்கள். இந்தக் காரிலிருந்தும் இந்த மனுஷனிடமிருந்தும் போகத்தான் பெட்டி கட்டினேன். இப்போது என்னைக் காருக்குள் அடைத்து, காலையும் கட்டிப்போட்டாகிவிட்டது.

"என் சீட்டை ஏன் எடுத்தே?" என்று கேட்டேன்.

"எப்ப?"

"ஒம்பது வருஷம் முன்னாடி."

"இருபத்திரெண்டு பவுண்டு, மாவிஸ். நீயும்தான் வர்றதே இல்லையே."

"நீ கூப்ட்டியா?"

அவன் வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். எல்லாவற்றுக்கும் வைத்திருப்பான்.

"இல்ல," என்றான். "கூப்பிடல."

அதற்குப் பிறகு பதினொரு மணிக்காகக் காத்திருந்தோம். "கால் எப்படி இருக்கு?" என்று இடையில் கேட்டான். "இருக்கு," என்றேன்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது டாக்ஸி தெருவில் வந்து நின்றது. இரண்டு தடவை ஹாரன் கேட்டது. நான் கத்தினேன். கூரையும் கதவும் மூடி, பிளாஸ்டிக் ஜன்னலும் அடைத்த அந்தக் காருக்குள் என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. டாக்ஸிக்காரர் நெவில் இறங்கினார். பெரிய உடம்பு. கராஜ் பக்கம் பார்க்காமல் முன்வாசலுக்குப் போய் மணி அடித்தார். நின்றார். மறுபடி அடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

"போறாரா?" என்றான் டெஸ்.

நான் இடது காலின் செருப்பைக் கழற்றி, அதன் குதியால் முன்கண்ணாடியை அடித்தேன். அடி அடி என்று அடித்தேன். டாக்ஸிக் கதவில் கை வைத்திருந்த நெவில் நிமிர்ந்து பார்த்தார். சின்னக் காருக்குள் ஒரு பெண்பிள்ளை செருப்பை ஆட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன மிஸஸ் லார்ட்டர், இவ்வளவு அழகா ஒரு காரை வச்சுக்கிட்டு என்னை எதுக்குக் கூப்ட்டீங்க?"

"அடியில பாருங்க! அடியில என் வீட்டுக்காரர்!"

அவர் குனிந்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஆனால் கெட்டிக்காரர், காரைத் தொடவில்லை. கராஜ் ஓரத்திலிருந்த விறகுக் குவியலுக்கு ஓடினார். எரிக்காமல் கிடந்த பழைய ஓக் கட்டைகள் இரண்டையும் கொண்டுவந்து முன்சக்கரங்களுக்கு முன்னால் செருகி, செங்கல்லால் அடித்து இறுக்கினார். டாக்ஸியின் ஜாக்கியை எடுத்துவந்து பின்பக்கம் வைத்துச் சுற்றினார். கார் என்னோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. டெஸ்ஸை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு இருமல். இருமலைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

"வெளிய வந்துட்டார்! இனி காலை எடுங்க மிஸஸ் லார்ட்டர்."

எடுக்கவில்லை.

"கட்டை வச்சிருக்கேன், ஜாக்கி நிக்குது. அடியில யாரும் இல்ல. எடுக்கலாம்."

எனக்கு எல்லாம் புரிந்தது. கால்தான் கேட்கவில்லை. நெவில் வெளியிலிருந்து கதவைத் திறந்து, பாதி இடைவெளியில் முகத்தை நுழைத்து என்னைப் பார்த்தார். பாவம், பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்திருப்பார்.

தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்த டெஸ் சொன்னான், கரகரத்த குரலில்: "மேலே."

கால் எழுந்தது. கராஜ் முழுக்கக் கேட்கும்படி நான் அழுதேன்.

நெவில் டாக்ஸி ரேடியோவில் சொல்லி ஆம்புலன்ஸ் வரவழைத்தார். வந்த பெண் டெஸ்ஸின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, இரண்டோ மூன்றோ விலா எலும்பு முறிந்திருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வைத்தார்கள். நான் ஒற்றைச் செருப்போடு பக்கத்தில் நின்றேன்.

"கூட வர்றது நீங்கதானே? ஏறுங்க," என்றாள் அவள், என்னைப் பார்த்து.

இதுதான் தீர்மானிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. ஏறினால் விலா எலும்பு கூடும்வரை ஆறு வாரம். அதற்குள் வேறொன்று வரும். பிறகு வருஷச் சோதனை வரும். ஏறாவிட்டால் என்ன மனுஷி நான்? கையை நீட்டி ஆம்புலன்ஸின் கம்பியைப் பிடித்தேன். பிடித்தும்விட்டேன்.

"அவ வரல," என்றான் டெஸ்.

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள்.

"அவளுக்கு ரயில் இருக்கு." மூச்சை நிறுத்திப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினான். "நெவில், டெரம் வழியா போகாதப்பா. அங்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான். ரீப்பம் வழியா போ."

பிறகு என்னைப் பார்த்தான், செருப்பை அல்ல, முகத்தை. நான் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். கதவைச் சாத்தினார்கள்.

நெவில் என் பெட்டியை எடுத்துவந்து வைத்தார். காருக்குள் கிடந்த இன்னொரு செருப்பையும் எடுத்துக் கொடுத்தார். நான் அவர் பக்கத்தில், முன் இருக்கையில் உட்கார்ந்தேன். நல்ல மெத்தை இருக்கை. ரீப்பம் வழியாகப் போனோம். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தரையை அமுக்கியது. நேர் ரோட்டிலும் அமுக்கியபடியே இருந்தது. நெவில் பார்த்துவிட்டார்.

"பிரேக் என்கிட்ட இருக்கு மிஸஸ் லார்ட்டர். நீங்க மிதிக்க வேணாம்."

"தெரியும்," என்றேன்.

தெரிந்தும், நார்விச் எல்லை வரும்வரை மிதித்துக்கொண்டேதான் வந்தேன். காது மட்டும் அந்த ஒரு வார்த்தையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. ஆற்றுப் பாலத்தில் சிவப்பு விளக்கு. டாக்ஸி நின்றது. முன்னால் ஸ்டேஷன் தெரிந்தது, கடிகாரத்தில் ஒரு மணி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே காலை எடுத்தேன்.